ஒற்றை வரிச் சான்றும் நர்சிங் மாணவியின் எட்டு மணி நேரமும்

பிளஸ் டூ முடிவுகள் வந்த கையோடு, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் உயிரியல் படித்த பெண் இருக்கும் வீடுகளில் நர்சிங் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. கட்டணம் எவ்வளவு, விடுதி உண்டா, சேலத்தில் சேர்ப்பதா பெங்களூரில் சேர்ப்பதா, அரசு வேலை கிடைக்குமா, வெளிநாடு போகலாமா என்று எல்லாவற்றையும் அலசுகிறார்கள். அந்தப் பெண்ணின் கண்பார்வை எப்படி, ரத்தம் போதுமான அளவு இருக்கிறதா, எட்டு மணி நேரம் நிற்க முடியுமா, ஒரு மரணத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய் மருந்து கொடுக்க முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. சேர்க்கைக்குக் கொண்டுபோகும் ஆவணங்களில் உடற்தகுதிச் சான்று ஒன்று இருக்கும். பக்கத்து ஊர் மருத்துவரிடம் அதை வாங்கிச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம்.

விதியும் இதைப் பெரிதாக விரித்துச் சொல்வதில்லை. இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி பி.எஸ்சி. நர்சிங்கில் சேர, வயது 17 நிறைந்திருக்க வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் மொத்தம் 45 சதவீத மதிப்பெண் வேண்டும், ஆங்கிலத்தில் தேர்ச்சி வேண்டும். மருத்துவ ரீதியாகத் தகுதியுடையவராக இருக்க வேண்டும். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மதிப்பெண்ணில் 5 சதவீதத் தளர்வு உண்டு. மதிப்பெண்ணுக்கு இவ்வளவு துல்லியம் காட்டும் விதி, தகுதி என்ற சொல்லை மட்டும் விளக்காமல் விட்டுவிடுகிறது. எதற்குத் தகுதி? எதைப் பார்க்க, எதைக் கேட்க, எதைத் தூக்க, எதைத் தாங்க?

அமெரிக்காவில் நர்சிங் கல்லூரிகள் இந்தக் கேள்விக்கான பதிலைச் சேர்க்கைக்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிடுகின்றன. இந்தப் படிப்பில் என்னென்ன செய்தாக வேண்டும் என்று பல கல்லூரிகள் ஒரு பட்டியல் வெளியிடுகின்றன. சிந்தித்து முடிவெடுத்தல், பேச்சுத் தொடர்பு, பிறரோடு பழகும் திறன், நடமாட்டம், விரல்களின் நுட்பம், செவி, கண், தொடு உணர்வு எனத் தலைப்புகள் இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் வார்டிலிருந்து எடுத்த உதாரணங்கள் இருக்கும். அந்தப் பட்டியல்களுக்குப் பின்னால் ஒரு வழக்கும் இருக்கிறது. வட கரோலினாவில் செவித்திறன் குறைந்த பெண் ஒருவருக்கு நர்சிங் படிப்பில் இடம் மறுக்கப்பட்டது. உதட்டசைவைப் பார்த்தே பிறர் பேச்சைப் புரிந்துகொள்பவர் அவர். அறுவை அரங்கில் எல்லோரும் முகக்கவசம் அணிந்திருக்கும்போது என்ன செய்வார் என்று கல்லூரி கேட்டது. 1979இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கல்லூரியின் பக்கம் தீர்ப்பளித்தது. 1990இல் மாற்றுத்திறனாளிகளுக்கான விரிவான சட்டம் அங்கே வந்தது. அதன்பின் கேள்வியே வேறாகிவிட்டது: இந்த வேலையில் விட்டுக்கொடுக்கவே முடியாத பகுதி எது, வேறு வழியில் செய்துகொள்ளக்கூடிய பகுதி எது? இன்று ஒலியைப் பெருக்கிக் கேட்கும் ஸ்டெதஸ்கோப் இருக்கிறது. வாய்ப்பகுதி தெரியும் முகக்கவசம் இருக்கிறது. 1979இல் முடியாது என்று தோன்றிய பலவும் இன்று முடிகிற காரியங்கள்.

நம் மாவட்டங்களுக்கும் அப்படியொரு பட்டியல் வேண்டும் என்பதே என் வாதம். யாரையும் வாசலில் நிறுத்துவதற்காக இதைக் கேட்கவில்லை. பணம் கட்டும் முன்பே ஒரு பெண் தன் உடலையும் மனதையும் அறிந்து தயாராவதற்காகக் கேட்கிறேன். அப்படி ஒன்று எழுதப்பட்டால் அதில் என்னென்ன இருக்கும்?

ஒரே நோயாளி, எல்லாப் புலன்களும்

பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளித் தோட்டங்கள் நிறைய. மருந்து தெளித்தவர் ஒருவர் மூக்கையும் வாயையும் மூடாமல் காலை முழுவதும் வேலை செய்துவிட்டு மயங்கிய நிலையில் கொண்டுவரப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து. மருத்துவர் அந்த நஞ்சை எதிர்க்கும் அட்ரோபின் ஊசியைத் தொடங்குகிறார். அதன் பிறகு சில நிமிடங்களுக்கு ஒருமுறை அந்த நோயாளியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியவர் நர்ஸ். கண்பாவை ஊசிமுனையளவு சுருங்கியே இருக்கிறதா, விரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து நீர் கோத்த ஒலி குறைகிறதா என்று கேட்க வேண்டும். அக்குளைத் தொட்டு வியர்வை உலர்ந்திருக்கிறதா என்று அறிய வேண்டும். நாடித்துடிப்பை எண்ண வேண்டும். அட்ரோபின் அதிகமாகிவிட்டால் நோயாளி பிதற்றத் தொடங்குவார், உடல் சுடும். அதையும் கவனித்து உடனே சொல்ல வேண்டும். இத்தனையையும் நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். பக்கத்தில் மனைவி அழுதுகொண்டிருப்பார். அவருக்கும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும்.

கண், காது, விரல் நுனி, நினைவு, கணக்கு, பேச்சு, பொறுமை ஆகிய எல்லாமே ஒரே கட்டிலருகே ஒரே நேரத்தில் தேவைப்படுகின்றன. பாம்புக்கடி நோயாளி வந்தாலும் இதே நிலைதான். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தத்தை எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, பிறகு சாய்த்துப் பார்த்து உறைந்திருக்கிறதா என்று சொல்வது மிக எளிய சோதனை. நஞ்சுமுறிவு மருந்து ஏற்றுவதா வேண்டாமா என்ற முடிவில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. பரபரப்பான வார்டில் 20 நிமிடத்தை மறக்காமல் இருப்பதும், இடையில் யாரும் குழாயைத் தொடாமல் பார்த்துக்கொள்வதும் ஒரு திறன். நஞ்சு நரம்பைத் தாக்குவதன் அறிகுறியாக நோயாளியின் இமை தொங்கத் தொடங்குவதை முதலில் காண்பவரும் பெரும்பாலும் நர்ஸே.

கண்ணாடி போட்டிருப்பது எந்தத் தடையும் இல்லை. போட வேண்டிய கண்ணாடியைப் போடாமல் இருப்பதே ஆபத்து. கல்யாணப் பேச்சில் குறையாகிவிடும் என்று மகளுக்குக் கண்ணாடி வாங்கித் தராத பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். மருந்துக் குப்பியின் மேல் அச்சான பொடி எழுத்தையும் சிரிஞ்சின் மெல்லிய கோடுகளையும் படிக்க முடியாத கண்ணோடு ஒருவரை வார்டுக்கு அனுப்பக் கூடாது. பிறந்த குழந்தைக்குப் போடும் பி.சி.ஜி. தடுப்பூசியின் அளவு 0.05 மில்லி. நம் நாட்டில் பரவலாகப் பயன்படும் இன்சுலின் குப்பியில் ஒரு மில்லியில் 40 அலகு. 100 அலகு உள்ளதும் புழக்கத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் சிரிஞ்சு வேறு வேறு. மாற்றிப் போட்டால் நோயாளிக்குப் போகும் அளவு இரண்டரை மடங்கு ஏறிவிடும் அல்லது அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

நிறம் பிரித்தறிவதும் வேண்டும். மருத்துவக் கழிவுகளுக்கான 2016ஆம் ஆண்டு விதிகள் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என நிறம் பிரித்தே கழிவைப் போடச் சொல்கின்றன. மருந்து ஏற்ற நரம்பில் செருகும் மெல்லிய குழாய்களான கேனுலாக்களின் அளவு எண்ணும் நிறத்தால் அறியப்படுகிறது: 18 பச்சை, 20 இளஞ்சிவப்பு, 22 நீலம், 24 மஞ்சள். உதடு நீலம் பாய்வதையும் குழந்தையின் உடல் மஞ்சளாவதையும் பார்த்தறிய வேண்டும். நிறக்குருடு பெண்களைவிட ஆண்களுக்கே மிக அதிகம். நர்சிங்குக்கு வரும் மாணவர்கள் சேரும் முன்பே சோதித்துக்கொள்வது நல்லது. இருப்பதாகத் தெரிந்தால் எழுத்தையும் எண்ணையும் படித்து உறுதிசெய்யும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே ஏற்படுத்திக்கொள்ளலாம்.

இடுப்பு தாங்க வேண்டிய பாரம்

நர்சிங் மாணவிக்கு வலிமை வேண்டும் என்றால் பலர் சிரிப்பார்கள். மெலிந்த பெண்கள்தானே நர்ஸாக இருக்கிறார்கள் என்பார்கள். நோயாளியைக் கையால் தூக்குவதற்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2007இல் பரிந்துரைத்த மேல்வரம்பு சுமார் 16 கிலோ. அதுவும் எல்லாச் சூழலும் சாதகமாக இருக்கும்போது. 60 கிலோ எடையுள்ள மனிதரின் ஒரு காலே ஏறத்தாழ 10 கிலோ இருக்கும். உயரம் மாற்ற முடியாத கட்டிலில், படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருவரைப் புரட்டிப் படுக்க வைக்கும் வேலையை ஒருநாள் முழுக்கச் செய்தால் இடுப்பு என்னாகும் என்பதைக் கணக்குப் போடாமலே புரிந்துகொள்ளலாம்.

இங்கே பிறவி வலிமையைவிட முறையே பெரிது. முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குவது, பாரத்தை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்வது, இடுப்பைத் திருகாமல் காலை நகர்த்தித் திரும்புவது, விரிப்பைப் பிடித்து இருவராகச் சேர்ந்து நகர்த்துவது ஆகியவை கற்றுக்கொள்ளக்கூடியவை. தனியாகத் தூக்கத் துணிவதைச் சுறுசுறுப்பு என்று பாராட்டுகிற வார்டுகள் இருக்கின்றன. அது மாணவியின் முதுகெலும்பை விலையாகக் கேட்கும் பாராட்டு. துணைக்கு ஆள் வேண்டும் என்று கேட்பதைச் சோம்பலாக எண்ணாமல், பாடத்தின் ஒரு பகுதியாகவே கற்பிக்க வேண்டும்.

உண்மையிலேயே உடலை உலுக்கும் வேலை ஒன்று உண்டு: நின்றுபோன இதயத்துக்கு நெஞ்சை அழுத்துவது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்று நெறிமுறையே சொல்கிறது. அதற்குமேல் யார் செய்தாலும் ஆழம் குறைந்துவிடும். குட்டையான மாணவி கட்டிலருகே சிறு படி போட்டு ஏறி நின்று செய்யலாம். எல்லா வார்டிலும் அந்தப் படி இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

கையின் தோலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒவ்வொரு நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும் அல்லது கிருமிநீக்கி தேய்க்க வேண்டும். ஏற்கெனவே கையில் கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் நோய் உள்ள பெண்ணுக்கு முதல் ஆண்டிலேயே தோல் வெடிக்கும். வெடித்த தோலில் கிருமி தங்கும். இது சிகிச்சையாலும் சரியான கையுறையாலும் சமாளிக்கக்கூடியது. மறைத்தால்தான் சிக்கல்.

ரத்தமும் தண்ணீரும்

நம் பகுதிக்கென்றே எழுத வேண்டியவை இரண்டு.

ஒன்று, ரத்தசோகை. 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அப்படியென்றால் நர்சிங் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் மாணவிகளில் பாதிப்பேருக்கு அது இருக்கக்கூடும். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக் கூடாது. 8, 9 என்று இருக்கும் பெண் வகுப்பில் சமாளித்துவிடுவாள். வார்டு போஸ்டிங்கில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும். மதியத்துக்குள் தலை சுற்றும். மருந்துக் கணக்கில் கவனம் சிதறும். அதை அவளுடைய ஆர்வக் குறைவு என்று ட்யூட்டர் எழுதிவிடக்கூடும்.

முதலாண்டில் ரத்தம் பார்த்து மயங்கி விழும் மாணவிகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலை ஏழு மணி டூட்டிக்காக வெறும் வயிற்றோடு ஓடிவந்தவர்களே இதில் பெரும்பாலோர் என்பது என் கருத்து. ரத்தம் கண்டதும் ரத்த அழுத்தம் சட்டென இறங்குவது சிலருடைய உடலின் இயல்பு; அதைக் கோழைத்தனம் என்று சொல்வது தவறு. அப்படி வரும்போது தொடை, வயிறு, கைத் தசைகளை 10 முதல் 15 விநாடி இறுக்கிப் பிடித்து, விட்டு, மறுபடி இறுக்கினால் அழுத்தம் இறங்காமல் தடுக்கலாம். பயிற்சியாகவே கற்றுத்தரப்படும் முறை இது. பெரும்பாலானோருக்குப் பழக்கத்தில் இந்த மயக்கம் போய்விடுகிறது. முதல் வாரத்தில் மயங்கினாள் என்பதற்காக ஊருக்குத் திருப்பி அழைத்துக்கொள்ளும் அப்பாக்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மற்றொன்று, புளோரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பது பல பத்தாண்டுகளாக அறிந்த செய்தி; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதன் பாதிப்பைத் தணிக்கவும் சேர்த்து வந்ததுதான். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீர் இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. சிறுவயதில் அதிக புளோரைடு நீர் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை நிலைத்துவிடுகிறது. கறை நர்சிங் வேலையை எந்த விதத்திலும் பாதிக்காது. ஆனால் அந்தக் கறைக்காக வாயைக் கையால் மறைத்துப் பேசும் பெண்ணுக்கு நோயாளியிடம் நிமிர்ந்து பேசுவது பெரிய தடையாகிவிடும். அவளுக்கு வேண்டியது துணிவூட்டும் ஆசிரியரும், முடிந்தால் பல் மருத்துவரும். நீண்ட காலம் குடித்தவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகுவது வேறு கதை. கழுத்தோ இடுப்போ இறுக்கமாக இருந்தால், குனிந்து நிமிரச் சிரமப்பட்டால், அதைச் சேர்க்கைக்கு முன்பே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மனம் என்று எதைச் சொல்கிறோம்

இரக்க குணம் இருந்தால் நர்ஸாகிவிடலாம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. இரக்கம் வேண்டும்தான். ஆனால் வார்டில் முதலில் தேவைப்படுவது கலையாத கவனம்.

ட்ரிப்ஸ் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். 500 மில்லி திரவத்தை நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். குழாயில் ஒரு மில்லிக்கு 20 துளி. 500ஐ 20ஆல் பெருக்கி 240ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 துளி. வீட்டில் உட்கார்ந்து போட்டால் எட்டாம் வகுப்புக் கணக்கு. வார்டில் இதைப் போடும்போது ஒருவர் பெட்பேன் கேட்பார், இன்னொருவரின் மகன் டிஸ்சார்ஜ் எப்போது என்பார், தொலைபேசி ஒலிக்கும். அப்போதும் சரியாகப் போட வேண்டும், போட்டதை இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். டோபமின், டோபுடமின் என்று பெயர்கள் ஒன்றுபோல் ஒலிக்கும் மருந்துகள் பல. எழுத்துகள் இடம் மாறித் தெரியும் கற்றல் குறைபாடு உள்ள மாணவி இதை நேரத்தோடு சொல்லிவிட்டால், ஒவ்வொரு பெயரையும் எழுத்துக் கூட்டிப் படித்து இன்னொருவரிடம் காட்டிக் கொடுக்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளலாம். குறைபாடு இல்லாதவர்களுக்கும் அதுவே நல்ல பழக்கம்.

அடுத்தது, வாய் திறந்து சொல்லும் துணிவு. மருத்துவர் வாய்மொழியாகச் சொன்ன அளவைத் திரும்பச் சொல்லி உறுதிசெய்ய வேண்டும். தவறாகத் தோன்றினால் ‘சார், இந்த அளவு சரிதானா என்று ஒருமுறை பார்க்கிறீர்களா’ என்று கேட்க வேண்டும். பெரியவர்கள் முன் எதிர்த்துப் பேசாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண்ணுக்கு, ஊசி போடுவதைவிட இது கடினம். குடும்பத்தின் முதல் பட்டதாரியாக, தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்து, திடீரென்று எல்லாப் பாடமும் எல்லாப் பதிவேடும் ஆங்கிலத்தில் இருப்பதைக் காணும் மாணவிக்கு இன்னும் கடினம். முதலாண்டின் மன அழுத்தத்தில் பாதி ஆங்கிலத்தால் வருவது. அதை அறிவுக் குறைவாக எண்ணிப் பெண்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள். அந்த ஆங்கிலம் சில நூறு சொற்களும் சில வாக்கிய அமைப்புகளும்தான். சேரும் முன் கிடைக்கும் இரண்டு மாதத்தில் அதில் கணிசமான பகுதியைக் கற்றுவிடலாம்.

மொழியில் நம் பிள்ளைகளுக்கு ஒரு பலமும் இருக்கிறது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசி வளர்ந்தவர்கள் ஏராளம். கிருஷ்ணகிரியில் உருது பேசுவோர் உண்டு. ஓசூர்த் தொழிற்சாலைகளில் இந்தி பேசும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்று நோயாளியின் மொழியில் கேட்கத் தெரிந்த மாணவி, எந்தச் சான்றிதழிலும் வராத ஒரு திறமையோடு வார்டுக்குள் நுழைகிறாள்.

பிறர் உடலைத் தொடுவதற்கு மனம் பழக வேண்டும். மலம் துடைப்பது, ஆண் நோயாளிக்கு உடல் துடைத்துவிடுவது, சளி உறிஞ்சுவது, நாற்றமெடுக்கும் புண்ணுக்குக் கட்டுப் போடுவது ஆகியவை இந்தப் படிப்பின் ஓரத்தில் இருப்பவை அல்ல, நடுவில் இருப்பவை. என் மகள் இதையெல்லாம் செய்ய வேண்டுமா என்று இரண்டாம் ஆண்டில் வந்து கேட்கும் பெற்றோருக்கு இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். எந்தச் சாதி, எந்த மதம், குடித்துவிட்டு விழுந்தவரா, கைவிலங்கோடு வந்தவரா என்று பாராமல் ஒரே கையால் தொட முடியாதவர், எவ்வளவு மதிப்பெண் எடுத்திருந்தாலும், இந்த வேலைக்கு இன்னும் தயாராகவில்லை.

அவசரப் பிரிவு வேறொரு தாங்குதிறனைக் கேட்கிறது. தொப்பூர்க் கணவாய் விபத்துகளைப் பற்றி நம் ஊரில் தெரியாதவர் இல்லை. சேலத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் 44ஆம் எண் நெடுஞ்சாலை இரண்டு மாவட்டங்களையும் ஊடறுத்துப் போகிறது. கிருஷ்ணகிரியில் சென்னைச் சாலை அதோடு சேர்கிறது. தருமபுரியில் 2008இலிருந்தும் கிருஷ்ணகிரியில் 2022இலிருந்தும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன. அவற்றின் மருத்துவமனைகளுக்குச் சாலை விபத்தில் சிக்கியவர்கள் வந்தபடியே இருப்பார்கள். தன் வயதுப் பையன் ஒருவன் கண்முன் இறப்பதைப் பதினெட்டு வயதில் பார்க்க நேரிடும். அன்று இரவு விடுதியில் தூக்கம் வராது. அது பலவீனம் அல்ல, மனித மனம் செய்வதுதான். மறுநாள் ட்யூட்டர் பத்து நிமிடம் உட்கார வைத்து, என்ன பார்த்தாய், என்ன நினைத்தாய் என்று கேட்டால் அந்தப் பாரம் இறங்கும். கேட்க ஆளில்லாமல் உள்ளேயே தேங்கினால், ஓரிரு ஆண்டுகளில் அது மரத்துப்போன முகமாகவும் நோயாளியிடம் எரிந்துவிழும் பேச்சாகவும் வெளிவரும். கடுகடுத்த நர்ஸ்களைப் பற்றிப் புகார் சொல்கிறோம். அவர்கள் மாணவிகளாக இருந்தபோது அவர்களிடம் யார் பேசினார்கள் என்று கேட்பதில்லை.

பிரசவ வார்டு இன்னும் நுட்பமானது. பெண் குழந்தை என்று சொன்னதும் வாடும் முகங்களைக் கண்ட மாவட்டங்கள் நம்முடையவை. வேண்டாம் என்று விடப்படும் பெண் குழந்தைகளை அரசே ஏற்றுக்கொள்ள 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் நீட்டிக்கப்பட வேண்டியிருந்தது என்பது வரலாறு. அங்கே நின்று, ‘குழந்தை நன்றாக இருக்கிறாள், அம்மாவும் நன்றாக இருக்கிறார்’ என்று மலர்ந்த முகத்தோடு சொல்வதும் ஒரு திறன். தன்னைவிடச் சிறிய பெண் கர்ப்பிணியாக வந்து படுத்திருப்பதைப் பார்க்க வேண்டியும் வரலாம். வயது 18க்குக் கீழ் என்றால், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது கடமை. மாணவி உடனே வார்டு சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். ஊரில் யாரிடமும் சொல்லக் கூடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் கடைப்பிடிக்கும் முதிர்ச்சியை இந்தப் படிப்பு பதினெட்டு, பத்தொன்பது வயதில் கேட்கிறது.

மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ சிகிச்சை பெற்றவர்கள் நர்சிங் படிக்கக் கூடாதா என்ற கேள்வி அடிக்கடி தயங்கித் தயங்கி எழுகிறது. படிக்கலாம். சிகிச்சை பெற்றுத் தேறியவர் தன் மனதின் அறிகுறிகளை மற்றவரைவிட நன்கு அறிந்திருப்பார். வலிப்பு நோய்க்கு மாத்திரை எடுப்பவரும் படிக்கலாம். ஆனால் தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டும் என்பதால் நைட் டூட்டியைப் பற்றி மருத்துவரிடமும் கல்லூரியிடமும் முன்பே பேசிவிட வேண்டும். இங்கே ஆபத்து நோயில் இல்லை, மறைப்பதில் இருக்கிறது. மறைக்க வைப்பது எது என்றால், சொன்னால் இடம் போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தை நீக்குவது கல்லூரிகளின் பொறுப்பு. படிக்கும்போது மனம் தளர்ந்தால் 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

சதவீதம் சொல்லாதது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, உயர்கல்வியில் குறைந்தது 5 சதவீத இடம் ஒதுக்கச் சொல்கிறது. 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. நர்சிங் கவுன்சில் விதியோ அந்த 5 சதவீதத்தைக் கால்களில் 40 முதல் 50 சதவீதம் வரை இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் என்று குறுக்கிவிடுகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. சதவீதம் என்பது ஒரு மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்பது போன்றவற்றின் அளவு. அந்தப் பெண்ணால் என்ன செய்ய முடியும் என்பதை அது சொல்லாது. 55 சதவீதச் சான்று வைத்திருந்தும் காலைத் தாங்கும் காலிபர் கருவியைப் போட்டுக்கொண்டு மலைப்பாதையில் நடந்து பள்ளிக்குப் போனவள் சித்தேரியில் இருக்கலாம். எந்தச் சான்றும் இல்லாமல் முதுகுத் தட்டு விலகி அரை மணி நேரம் நிற்க முடியாதவர் வகுப்பில் இருக்கலாம்.

மருத்துவப் படிப்பில் இந்தப் பார்வை மாறத் தொடங்கிவிட்டது. 2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைபாட்டின் சதவீதத்தை மட்டும் காட்டி எம்.பி.பி.எஸ். இடம் மறுக்க முடியாது, அந்தக் குறைபாடு படிப்பைத் தொடர உண்மையிலேயே தடையாக இருக்குமா என்று குறைபாட்டை மதிப்பிடும் மருத்துவ வாரியம் ஆராய்ந்து சொல்ல வேண்டும் என்றது. இந்த அணுகுமுறை நர்சிங்குக்கும் வர வேண்டும். பக்கத்து வேலூரிலேயே இதற்கு முன்னோடி உண்டு. 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். அன்று அவருக்காகச் செய்யப்பட்ட மாற்றம் பெரிதல்ல. அவர் உட்கார்ந்த நிலையில் செய்யக்கூடிய அறுவை சிகிச்சைகளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

எல்லோராலும் எல்லாம் முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. நோயாளியின் நிலை மோசமாவதை நேரத்தில் கண்டறிவது, மருந்தைச் சரியான அளவில் கொடுப்பது, ஆபத்து வரும்போது அங்கிருந்து செயல்படுவது ஆகிய மூன்றில் சலுகை கிடையாது. அங்கே இன்னொருவரின் உயிர் இருக்கிறது. அந்த மூன்றையும் எந்த வழியில் செய்கிறார் என்பதில் மட்டுமே நெகிழ்வு வேண்டும்.

முடிவு வந்த நாளுக்கும் வார்டுக்கும் நடுவே

சேர்க்கைக்கும் முதல் வார்டு போஸ்டிங்குக்கும் இடையே சில மாதங்கள் கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள். குறைவாக இருந்தால் இரும்புச்சத்து மாத்திரையையும் குடற்புழு நீக்க மாத்திரையையும் அங்கேயே கேளுங்கள். மாத்திரையோடு டீ குடித்தால் சத்து உடலில் சரியாகச் சேராது. எலுமிச்சையோ நெல்லியோ சேர்த்தால் நன்றாகச் சேரும். கண் பரிசோதனை, நிறம் பிரித்தறியும் சோதனை, செவிச் சோதனை மூன்றையும் ஒரே நாளில் மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனையில் முடிக்க முயலுங்கள். மாற்றுத்திறனாளியாக இருந்தால் தனித்துவ அடையாள அட்டையைக் கலந்தாய்வுக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் என்ன உதவி தேவை என்பதை எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரு மணி நேரம் நடப்பதும், முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுவதும் வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி.

கல்லூரி நேர்காணலில் பெற்றோர் கேட்க வேண்டியவையும் சில. முதலாண்டு மாணவியை நைட் டூட்டிக்கு அனுப்புகிறீர்களா? காலை டூட்டிக்குப் போகும் முன் விடுதியில் உணவு கிடைக்குமா? நோயாளிக்குப் போட்ட ஊசி தவறித் தன் கையில் குத்திவிட்டால் மாணவி யாரிடம், எவ்வளவு நேரத்துக்குள் சொல்ல வேண்டும்? மனம் கலங்கினால் பேச ஆலோசகர் இருக்கிறாரா? இவற்றுக்குத் தடுமாறாமல் பதில் சொல்லும் கல்லூரி, கட்டடத்தின் உயரத்தைக் காட்டும் கல்லூரியைவிட நம்பத்தக்கது.

ரத்தம் வழியே தொற்றும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பி-க்கான தடுப்பூசியை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். முதல் ஊசிக்குப் பிறகு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. குழந்தைப் பருவத்தில் போட்டிருந்தால் அந்த அட்டையைத் தேடி எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். போடாதவர்கள் ஜூனில் தொடங்கினால் டிசம்பரில் மூன்றும் முடியும். ஓரிரு மாதம் கழித்து எதிர்ப்புசக்தி வந்திருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம்.